தையல் வீட்டு ஊதுகுழல்

கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இப்போது ஓர் இல்லம் நடக்கிறது. குடியிலிருந்தோ மாத்திரைப் பழக்கத்திலிருந்தோ சிகிச்சை எடுத்து மீண்ட பெண்கள், சொந்த வீட்டுக்குத் திரும்பும் தெம்பு வரும்வரை சேர்ந்து தங்கியிருக்கும் இடம். அங்கே ஆலோசகராக இருக்கும் பெண் போன மாதம் என்னை அழைத்துச் சுற்றிக் காட்டினாள். குளிர்சாதன வசதி, ஆளுக்கொரு அலமாரி, யோகாவுக்குத் தனி அறை. கடைசியில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்தாள். வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் வாசலிலேயே அதில் ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். குடித்திருந்தால் எண் காட்டிக் கொடுத்துவிடும்.

நானும் ஊதிப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினேன். "உங்களுக்கு எதுக்குக்கா?" என்று சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பிறகு, உங்கள் காலத்தில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டாள். ஊதுகுழலை வைத்துத்தான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விறகடுப்பு ஊதும் குழல் என்றால்கூடப் புரியாத வயது. "எழுதிக் குடுங்கக்கா, எங்க ஸ்டாஃப் எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். அதனால்தான் இது. குறை சொல்ல எழுதவில்லை. அந்தக் கருவி நல்ல கருவி, பொய் சொல்லாது. எனக்கு அந்தப் பழைய வீட்டின் நினைவு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் செங்கல்பட்டுப் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை பார்த்து என்னை மிஷன் பள்ளியில் படிக்க வைத்தார்கள். எஸ்தர் என்று பெயர் வைத்ததும் மிஷன் நர்ஸ் மாதிரி ஆக வேண்டும் என்ற ஆசையில்தான். நர்ஸ் ஆகும் அளவுக்கு மார்க் வரவில்லை. சென்னையில் ஒரு குடிநோய் மருத்துவமனையில் உதவியாளர் பயிற்சி கிடைத்தது. வாந்தி எடுப்பவரின் தலையைத் தாங்கிப் பிடிக்கவும், பொய்யைக் கேட்டாலும் முகம் மாறாமல் இருக்கவும் அங்கே கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் தையல் வீட்டில் கற்றது.

தொண்ணூறுகளின் நடுவில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து சவுக்குத் தோப்புக்குள் போகும் மண்பாதையில் அந்த வீடு இருந்தது. சிகிச்சை முடிந்த பெண்கள் அங்கே வந்து தங்குவார்கள். பகலில் அக்கம்பக்கத்தில் வேலைக்குப் போவார்கள், விளக்கு வைப்பதற்குள் திரும்புவார்கள். செங்கல் சூளைக்காரி இருப்பாள், இறால் உரிக்கிறவள் இருப்பாள், அணுமின் நிலையத்து அணுபுரம் குடியிருப்பிலிருந்து வந்த அதிகாரி மனைவியும் இருப்பாள். எல்லாருக்கும் ஒரே பாய், ஒரே குழம்பு. நான்தான் வார்டன்.

வாசலில் பலகை வைக்க வேண்டும் என்று வீட்டை நடத்திய அறக்கட்டளைக்காரர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். பொறுப்பாளராக இருந்த கோமதி மேடம் சம்மதிக்கவில்லை. பலகைக்குப் பதிலாகச் சன்னலோரம் இரண்டு தையல் மிஷினைப் போட்டு வைத்தார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. பஸ் கண்டக்டர், "தையல் வூடு எறங்கு, தையல் வூடு" என்று கத்துவார். உள்ளே என்ன நடக்கிறது என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பெயரையே சொன்ன புண்ணியவான்கள் அவர்கள்.

கோமதி மேடம் திருக்கழுக்குன்றத்து வாத்தியார் வீட்டுப் பெண். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட நூல் புடவை, அதட்டாத குரல். யாரையும் "வாங்க, உட்காருங்க" என்றுதான் பேசுவார். வாழ்க்கை முழுக்க "ஏய்" என்று கூப்பிடப்பட்டவர்களுக்கு அது புதிதாக இருக்கும். கஸ்தூரி முதல்முதலாக வந்த அன்று, "வாங்க" என்று மேடம் சொன்னதும் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

வீட்டில் காஸ் அடுப்பு இருந்தது. ஆனால் சாயந்தரம் டீ மட்டும் பின்கட்டு விறகடுப்பில்தான் போட வேண்டும். மேடத்துக்குக் கஞ்சத்தனம் என்று நானும் முதலில் நினைத்தேன். சவுக்கு மிளாறைச் சொருகி, கொஞ்சம் கங்கு மட்டும் வைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வெளியிலிருந்து வருகிறவர் கைகால் கழுவிக்கொண்டு நேரே அங்கே வர வேண்டும். மேடம் ஊதுகுழலை நீட்டுவார். வந்தவர் குனிந்து ஊத வேண்டும். நெருப்பு கொஞ்சம் எழும்பும். "போதும், டீ எடுத்துக்கோங்க" என்பார். அடுத்தவர் வருவார்.

ஊதும்போது மூச்சு எங்கே ஒளியும்? பாக்கு போட்டாலும் ஏலக்காய் மென்றாலும் மேடத்தின் மூக்கிலிருந்து தப்பாது. மாத்திரைக்கு வாடை இல்லைதான். அதற்குக் குழலைப் பிடிக்கும் கையைப் பார்ப்பார். ரோட்டில் போலீஸ்காரர் முகத்தை நீட்டி "ஊது" என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம். எதற்காக ஊதுகிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் சோதிக்கப்படவில்லை, எல்லாரும் டீ போடுகிறோம். வெளியிலிருந்து வந்தால் நானும் ஊத வேண்டும். மேடம் திருக்கழுக்குன்றம் போய்விட்டு வந்தால், அவரே என்னை முக்காலியில் உட்கார வைத்துவிட்டுக் குனிந்து ஊதுவார்.

ஒருத்தி குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வார்? சத்தம் போட மாட்டார். "விறகு ஈரமா இருக்கு, பத்தல. நீங்க போய்க் குளிச்சிட்டுப் படுங்க" என்பார். மறுநாள் காலையில் கஞ்சி கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். உள்ளே என்ன பேசினார் என்று வெளியே ஒரு வார்த்தை வராது. அதிலிருந்து வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது. "நேத்து அவளுக்கு விறகு ஈரம்" என்று கிசுகிசுப்பார்கள். ஒரு வாரம் ஒழுங்காக இருந்தவளைப் பார்த்து, "இன்னாடி, விறகு நல்லா காஞ்சிருக்குது போல" என்று கிண்டல் செய்வார்கள்.

இன்னொரு வார்த்தையும் உண்டு. குடிக்கும் ஆசை தலைதூக்குவதற்குப் பயிற்சிப் புத்தகத்தில் வேட்கை என்று போட்டிருந்தது. எங்கள் பெண்கள் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. "நமநமன்னு கீதுக்கா" என்பார்கள். அப்படி ஒருத்தி சொல்லிவிட்டால் உடனே அவளுடைய இரண்டு கைக்கும் வேலை கொடுத்துவிட வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. ஒரு கை சும்மா இருந்தாலும் போதாது. முருங்கைக்கீரை உருவுவது, நெத்திலி ஆய்வது, கோலிக்குண்டு மாதிரி மாவு உருட்டுவது, எதுவாக இருந்தாலும் சரி. கூடவே ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். புத்திமதி சொல்லக் கூடாது.

இனி கஸ்தூரி. செங்கல்பட்டைச் சுற்றியிருந்த சூளைகளில் பிஞ்சு வயதிலிருந்து கல் அறுத்தவள். அவளுக்கு அமுதா பிறந்தபோது அவளுடைய அம்மாவே ஒரு மூடி பிராந்தியை ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு உடம்பில் குளிர் தங்கக் கூடாது என்று அப்படிக் கொடுப்பது வழக்கம். அதை யாரும் குடி என்று சொல்வதில்லை. மருந்து என்பார்கள். பெற்ற தாய் கையால்தான் கொடுப்பார்கள். கஸ்தூரிக்கு அந்த மருந்து உடம்பு வலிக்கும் ஆயிற்று, புருஷன் ஓடிப்போன துக்கத்துக்கும் ஆயிற்று. பிறகு காரணமே வேண்டியிருக்கவில்லை. அமுதாவை அண்ணன் வந்து தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார்.

கஸ்தூரி மகளைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. கீரை உருவிக்கொண்டே திரும்பத் திரும்ப ஒரு கதையைச் சொல்வாள். சூளையில் வேலை முடிந்து குடிசைக்கு வருவாளாம். வந்ததும் வராததுமாகக் குழந்தை ஓடி வந்து, "கண்ணுல தூசி வியுந்துட்ச்சிம்மா, ஊது" என்று முகத்தை நீட்டுமாம். "டெய்லி அதே பாட்டுதாங்க்கா. சூளைத் தூசி, கொயந்தை கண்ணு தாங்குமா? நான் இமையத் தூக்கிப் புடிச்சிகினு ஊதுவேன். செல நாளு உடனே கழுத்தக் கட்டிக்கும். செல நாளு ஒண்ணியும் பேசாம பக்கத்து வூட்டுக்குப் போயி படுத்துக்கும். அவ்ளோ வீம்பு அதுக்கு." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எங்களுக்கும் சிரிப்பு வரும்.

ஒருமுறை மேடம் அந்தக் கதையைக் கேட்டார். சிரிக்கவில்லை. கையில் இருந்த ஊதுகுழலைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தோப்புப் பக்கம் நடந்து போய்விட்டார். காற்று வாங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கஸ்தூரிக்கு விறகு நன்றாகக் காய்ந்துவிட்டிருந்த சமயம் அது. பல மாதமாக ஒரு நாளும் பிசகவில்லை. அமுதாவுக்கு மாமாவே கல்யாணம் செய்து வைத்திருந்தார். மாப்பிள்ளை மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, வீடு சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்தில். அந்த வீட்டில், பெண்ணின் அம்மா மாமல்லபுரத்தில் தையல் வேலை பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பெயர் அதற்கும் உதவியது. அமுதாவுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. "பெத்தவ வராம எப்பிடி?" என்று சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் மாமா வந்து சேதி சொன்னார். வரட்டும், ஆனால் குடிக்காமல் வந்தால்தான் பிள்ளையைத் தொட விடுவேன் என்று அமுதா சொல்லியிருந்தாள்.

கஸ்தூரி அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போனால் அந்த மருந்தை அவள் கையால் ஊற்ற வேண்டிவரும். ஊற்றினால் அவள் கதி என்ன? மாட்டேன் என்றால், ஏன் என்று கேட்பார்கள். உண்மை வெளியே வந்தால் மகளின் வாழ்வு என்னாவது? அனுப்ப வேண்டாம் என்று மேடத்திடம் சொன்னேன்.  "அவங்க இங்க இருக்கறதே அந்தப் பொண்ணுக்காகத்தானே எஸ்தர். அங்க போகக் கூடாதுன்னா இந்த வீடு எதுக்கு?" என்றார். பிறகு என்னையும் கூடப் போகச் சொன்னார். அங்கே நான் கஸ்தூரியின் தங்கை, அமுதாவுக்குச் சித்தி என்று ஏற்பாடு. அப்படித்தான் நான் ஒரு வீட்டுக்குச் சித்தியானேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அங்கே இருந்தவரை அமுதா தன் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டை வாங்கிக்கொள்வாள், துணியைக் கொடுப்பாள். குழந்தையை மட்டும் என்னிடம் தருவாள், மாமியாரிடம் தருவாள், கஸ்தூரி கையை நீட்டினால் "தூங்கட்டும்" என்பாள். கஸ்தூரி நீட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அவள் இன்னும் அந்தக் குழந்தையைத் தொடவே இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று சாயந்தரம் அமுதாவுக்குத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி போட்டு, கட்டிலில் உட்கார வைத்திருந்தோம். சம்பந்தியம்மா அலமாரியைத் திறந்து ஒரு கால் பாட்டில் பிராந்தியை எடுத்து வந்தார். நல்ல மனுஷி, கள்ளம் கபடம் கிடையாது. நான் முந்திக்கொண்டு, குடுங்க, நான் ஊத்துறேன் என்று கையை நீட்டினேன். மேடமும் நானும் பேசி வைத்திருந்தது அதுதான்.

"நீ எதுக்கும்மா? பெத்தவ கல்லு மாரி நிக்கறா" என்று சொல்லி அவர் பாட்டிலைக் கஸ்தூரி கையில் வைத்துவிட்டார். "மருந்து ஊத்திக் குடு சம்பந்தி. ஒரு மூடி போதும்."

கஸ்தூரி மூடியைத் திருகினாள். சாம்பிராணிப் புகையையும் மீறி அந்த வாடை அறை முழுக்க வந்தது. எனக்கே தெரிந்தது என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.  பாட்டிலைப் பிடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"எஸ்தரு, எனக்கு நமநமன்னு கீது" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

"பசிக்குதா? இட்லி கீது, துன்னுறியா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

இரண்டு கைக்கும் வேலை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அங்கே கீரையும் இல்லை, நெத்திலியும் இல்லை. கட்டிலில் இருந்த குழந்தையைத் தூக்கி அவள் கையில் வைத்துவிடலாம் என்று குனிந்தேன். குழந்தையைப் பிடிக்க வேண்டுமானால் பாட்டிலை வைத்துத்தானே ஆக வேண்டும்.

அமுதா குழந்தையை விடவில்லை. மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டு, "இரு சித்தி" என்றாள். அவளுக்கு நமநம என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அந்த முகத்தை அவள் குடிசையில் எத்தனையோ சாயந்தரம் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க வா" என்றாள். "கண்ணுல தூசி வியுந்துட்ச்சி. ஊது."

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மேடம் ஏன் சிரிக்காமல் எழுந்து போனார் என்பதும் விளங்கியது. வேலை முடிந்து வரும் அம்மா எப்படி வந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் குழந்தைக்கு வேறு என்ன வழி இருந்திருக்கும்? எங்கள் ஊதுகுழலை எங்களுக்கு முன்பே அது கண்டுபிடித்திருந்தது.

கஸ்தூரி பாட்டிலை அலமாரி மேல் வைத்தாள். கட்டிலோரம் மண்டியிட்டு, இரண்டு கட்டை விரலாலும் மகளின் இமையை விரித்துப் பிடித்து ஊதினாள். அமுதா மூச்சை உள்ளே இழுத்தாள்.

"இன்னொரு தபா ஊது."

ஊதினாள்.

 அமுதா குழந்தையைத் துணியோடு எடுத்து அம்மாவின் இரண்டு கையிலும் வைத்தாள். பிறகு மாமியாரைப் பார்த்து, "எனக்கு அந்த மருந்து வேணாம் அத்தை. பூண்டும் மொளகும் குடுங்க, போதும்" என்றாள். சம்பந்தியம்மா, இந்தக் காலத்துப் பெண்களுக்கு எது சொன்னாலும் ஏறாது என்று முணுமுணுத்துக்கொண்டே பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். சாம்பிராணி அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கஸ்தூரி கட்டிலோரமே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் மெல்ல விளங்கியிருக்க வேண்டும். "அப்பல்லாம் தூசியே இல்லியா அமுதா?" என்று கேட்டாள், குழந்தையைப் பார்த்தபடியே.

"சூளையில தூசி இல்லாமயா இருக்கும்" என்றாள் அமுதா.

கஸ்தூரியை அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறினேன். தையல் வீடு ஸ்டாப்பில் இறங்கி, கைகால் கழுவிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். மேடம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.  ஊதுகுழலை நீட்டினார், நான் ஊதினேன். பிறகுதான், "விறகு எப்படி இருக்கு?" என்றார். நல்லா காஞ்சிருக்குது மேடம் என்றேன். அன்றைக்கு அவரே எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

கஸ்தூரி திரும்பி வரவில்லை. மகளே வைத்துக்கொண்டாள். எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். முதல் வேலையாகப் பின்கட்டுக்குப் போய், "ஊதுகொயல குடுங்க மேடம்" என்று வாங்கி ஊதிவிட்டுத்தான் உட்காருவாள். அவள் திரும்பி வராததுதான் எங்கள் வேலைக்குக் கிடைத்த பலன். அது தெரிந்தும், அவள் படுத்த இடத்தில் வேறொருத்தியின் பாயை விரிக்கும்போது எனக்கு மனசு வலித்தது. அந்த வீட்டில் வேலை பார்த்த காலம் முழுக்க இப்படித்தான். நல்லபடியாகப் போகிற ஒவ்வொருத்தியையும் போகாதே என்று உள்ளுக்குள் கூப்பிட்டபடியே வழியனுப்பினேன்.

பிறகு மேடம் போய்ச் சேர்ந்தார். கடற்கரைச் சாலை அகலமாயிற்று, தோப்பு விற்றுப் போயிற்று. அங்கே இப்போது நீச்சல்குளத்தோடு ஒரு விடுதி இருக்கிறது. போன வருஷம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். மீசைகூடச் சரியாக முளைக்காத கண்டக்டர் ஒருவர் "தையல் வூடு எறங்கு" என்று கத்தினார். எந்த வீடு, யார் தைத்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருந்தும் இறங்கிவிட்டேன். அடுத்த பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றேன். விடுதிச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ சருகு எரித்தார்கள், சவுக்குப் புகையின் வாசனை வந்தது. அந்தச் சாயந்தரங்களில் ஒன்றாவது திரும்பக் கிடைக்காதா என்று இருந்தது.

செங்கல்பட்டில் எனக்கு இப்போது சின்னதாக ஒரு வீடு. காஸ் அடுப்பு, குழாய்த் தண்ணீர், ஒரு குறையும் இல்லை. கடைக்கோ ஜெபத்துக்கோ போய்விட்டு வந்தால் கதவை நானே திறந்துகொண்டு நுழைகிறேன். எப்படி வந்திருக்கிறாள் என்று மூச்சைப் பார்க்க யாரும் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பதில்லை.

இதைக் கொடுக்கக் கேளம்பாக்கம் போக வேண்டும். இந்தத் தடவை அந்தப் பெண் சிரித்தாலும் பரவாயில்லை, பெட்டியைத் திறந்து கருவியை நீட்டச் சொல்லப் போகிறேன். நானும் வெளியிலிருந்து வருகிறவள்தானே.